வாளிக்காரியின் முகம்

ஓரின் மட்ஜ் என்ற ஆளை நான் முதலில் பார்த்தது டேட்டன் ஊரில், ஹார்மர் அரங்கத்தில், ஒரு திங்கட்கிழமை காலை. 1911, நவம்பர் மாதம். கலைஞர்கள் எல்லாரும் பாட்டுத் தாள்களை மேடை விளிம்பில் வைத்துவிட்டுக் காத்திருந்தோம். யார் தாளை முதலில் வைக்கிறார்களோ அவர்களுக்குத்தான் வாத்தியக்காரர்கள் முதலில் வாசித்துப் பார்ப்பார்கள். அதற்காகவே நான் ஏழு மணிக்கு, பனியில் கால் விறைக்க வந்து என் தாள்களை வைத்திருந்தேன். அந்த மனிதன் ஒன்பதரைக்கு வந்தான். அவனிடம் பாட்டுத் தாள் எதுவும் இல்லை. ஒரு தகர வாளி இருந்தது. அதைக் கொண்டுவந்து நேராக என் தாள்மேல் வைத்தான்.

"யோவ், கண்ணு தெரியலையா உனக்கு?" என்றேன்.

"மன்னிச்சுக்கங்கம்மா" என்று வாளியை எடுத்தான். என் பாட்டின் முதல் பக்கத்தில் வட்டமாக ஈரம். என்ன ஈரம் என்று எனக்கு அப்போது தெரியாது. தெரிந்திருந்தால் அந்தத் தாளை அங்கேயே கொளுத்தியிருப்பேன். போதாக்குறைக்கு விரலால் தொட்டு வேறு பார்த்தேன்.

அந்த வாரம் எனக்கு வாழ்வா சாவா என்கிற வாரம். சிகாகோவிலிருந்து ஸ்பிவாக் என்ற ஏஜெண்டு வருவதாக இருந்தான். அவனுக்குப் பிடித்துவிட்டால் நாற்பது வாரம் தொடர்ந்து பெரிய ஊர்களில் வேலை. பிடிக்காவிட்டால் ஆல்டூனாவில் என் அக்கா நடத்தும் சலவைக் கடை. எனக்கென்று ஒரு இஸ்திரிப் பெட்டியைத் தனியாக எடுத்து வைத்திருப்பதாக அவள் அன்போடு கடிதம் எழுதியிருந்தாள். அந்த அன்பை நினைத்தாலே எனக்குக் குமட்டும். பதினாறு வருஷம் கோரா விப்பிள் என்ற பேரை வாசல் தட்டியில் பார்த்துப் பழகியவள் நான். முப்பத்தாறு வயதில் போய் அடுத்தவள் உள்பாவாடைக்குக் கஞ்சி போடுவதா?

என் நிகழ்ச்சி இரண்டு பாட்டு, நடுவில் எட்டு நிமிடம் பேச்சு. வாடகை வீட்டுக்காரி வைக்கும் முட்டைக்கோஸ் சூப்பைப் பற்றிய பேச்சு அது. எந்த ஊரிலும் தோற்றதில்லை. மேடை ஏறும் வரிசையில் முதலில் நாய் வித்தை, பிறகு ஆடும் சகோதரர்கள், மூன்றாவதாக மட்ஜ், நான்காவதாக நான். வரிசையைப் பார்த்தபோது நான் ஒன்றும் யோசிக்கவில்லை. மட்ஜ் பேருக்கு எதிரே 'மனித ஊற்று' என்று போட்டிருந்தது. ஏதோ தண்ணீர் வித்தை என்று நினைத்துக்கொண்டேன்.

தண்ணீர் வித்தைதான். அன்று மதியக் காட்சியில் திரை ஓரமாக நின்று பார்த்தேன். மட்ஜ் கறுப்புக் கோட்டுப் போட்டு, தலையைப் படிய வாரி, பாதிரியார் மாதிரி வந்து நின்றான். முப்பது கண்ணாடித் தம்ளர் தண்ணீரை ஒவ்வொன்றாகக் குடித்தான். வயிறு கோட்டுப் பொத்தானைத் தள்ளிக்கொண்டு வந்தது. பிறகு பட்டுக் கைக்குட்டைகள் ஆறு, ஆறும் ஆறு நிறம். சுருட்டிச் சுருட்டி விழுங்கினான். "எந்த நிறம் வேணும், சொல்லுங்க" என்றான்.

"பச்சை!" என்று மாடியிலிருந்து ஒருத்தன் கத்தினான்.

மட்ஜ் கண்ணை மூடினான். தொண்டை மேலும் கீழும் போய் வந்தது. ஒரு சத்தம் வந்தது. அந்தச் சத்தத்தை நான் எழுதப்போவதில்லை. பச்சைக் கைக்குட்டை வாய் வழியாக வந்தது, கூடவே கொஞ்சம் இதுவும் அதுவும். பக்கத்தில் அவன் மனைவி ஐடா, சோளக்கொல்லைப் பொம்மை போல அசையாமல் நின்று, வாளியைப் பிடித்திருந்தாள். கடைசியில் முப்பது தம்ளர் தண்ணீரையும் பத்தடி தூரத்துக்கு வளைத்துப் பீய்ச்சி அதே வாளியில் விழ வைத்தான். பாதி வாளியில் விழுந்தது. மீதி மேடையில்.

சீ! கருமம்!

சனங்கள் என்ன செய்தார்கள் என்கிறீர்கள்? காறித் துப்பினார்களா? எழுந்து போனார்களா? கை தட்டினார்கள். ஒரு கிழவி மயங்கி விழுந்தாள். அவளைத் தூக்கிக்கொண்டு போனவர்கள் முன்வாசலில் கிடத்திவிட்டு மிச்சத்தைப் பார்க்க ஓடி வந்தார்கள்.

அடுத்தது நான். துடைத்த மேடை இன்னும் பிசுபிசுவென்றிருந்தது. ஒவ்வொரு அடிக்கும் என் செருப்பு தரையிலிருந்து பிய்ந்து வந்தது. முதல் பாட்டு முடியும்வரை யாரும் என்னைப் பார்க்கவே இல்லை. பக்கத்தில் இருந்தவனிடம் அந்தச் சத்தத்தைச் செய்து காட்டுவதில் மும்முரமாக இருந்தார்கள். சரி, சூப்பு காப்பாற்றும் என்று பேச்சை ஆரம்பித்தேன். "எங்க வாடகை வீட்டுக்காரி வைக்கிற முட்டைக்கோஸ் சூப்பு இருக்கே, அது எப்படித் தெரியுமா இருக்கும்…" என்றேனோ இல்லையோ, அறுநூறு பேரும் ஒரே குரலாக "ஐயோ!" என்றார்கள். முன்வரிசையில் ஒரு பெண் கைப்பையால் வாயைப் பொத்தினாள். என் வாழ்க்கையின் எட்டு நிமிடச் சொத்து அத்தோடு காலி.

உடை மாற்றும் அறைக்கு வந்தால் கதவிடுக்கில் ஒரு உறை செருகியிருந்தது. மேலாளர் டாகர்ட் ஒவ்வொரு திங்கட்கிழமை மதியக் காட்சிக்குப் பிறகும் எதை வெட்ட வேண்டும் என்று கலைஞர்களுக்கு எழுதி அனுப்புவார். ஆபாசமாக, கொச்சையாக ஒரு சொல்கூட இருக்கக்கூடாது. குடும்பத்தோடு வருகிறவர்களுக்கான அரங்கம் என்று வாசலிலேயே எழுதிப் போட்டிருந்தது. எனக்கு வந்த தாளில் இரண்டே வரி. 'இரண்டாவது பாட்டில் வயிறு என்ற சொல் வருகிறது. நாகரிகக் குறைவு. நீக்கவும்.'

நான் அந்தத் தாளை இரண்டு தடவை படித்தேன். பிறகு அதைக் கசக்கிக் கையில் பிடித்துக்கொண்டு நேராக டாகர்ட் அறைக்குப் போனேன். கதவைத் தட்டவில்லை.

"ஏன் சார், நான் வயிறுன்னு சொல்லக்கூடாது. ஆனா ஒருத்தன் வயித்துல இருக்கறதையெல்லாம் மேடையில கொட்டலாமா?"

டாகர்ட் பூனைபோல மென்மையான ஆள், மீசைக்கு மெழுகு தடவியிருப்பார். "மட்ஜ் ஒரு வார்த்தைகூடக் கொச்சையாப் பேசலையே, கோரா" என்றார்.

"பேச எங்க சார் வாய் சும்மா இருந்துது?"

"கோபப்படாதேம்மா. அது விஞ்ஞானம். டாக்டருங்க எல்லாம் வந்து பாக்கறாங்க."

"விஞ்ஞானத்துல வழுக்கித்தான் என் இடுப்பு ஒடியப் பாத்துது. அந்தாளுக்குப் பின்னாடி நான் போக மாட்டேன். செத்தாலும் போக மாட்டேன். என்னை முன்னாடி போடுங்க."

ஸ்பிவாக் மறுநாள் மதியக் காட்சிக்குத்தான் வருகிறான் என்பது எனக்குத் தெரியும். அதற்குள் இடம் மாறிவிட்டால் பிழைத்தேன். டாகர்ட் மீசையை நீவிக்கொண்டார். "நீயா கேட்டே, ஞாபகம் வெச்சுக்க" என்று சொல்லிவிட்டு வரிசையை மாற்றினார். மூன்றாவது நான், நான்காவது மட்ஜ். வெற்றி வெற்றி என்று போய் வயிறார இறைச்சிக் கஞ்சி குடித்தேன். எவ்வளவு பெரிய மடத்தனம் செய்திருக்கிறேன் என்று உறைக்கவில்லை. பதினாறு வருஷம் இதே தொழிலில் இருந்தும் உறைக்கவில்லை என்றால் என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும். எல்லாரும் பார்க்கத் துடிக்கும் ஒன்றுக்கு முன்னால் நிற்பது, அதற்குப் பின்னால் நிற்பதைவிட மோசம். பின்னால் நின்றால் உன்னைக் கவனிக்கமாட்டார்கள். முன்னால் நின்றால் உன்னை வெறுப்பார்கள்.

செவ்வாய்க்கிழமை மதியத்துக்குள் ஊர் முழுக்கச் செய்தி பரவிவிட்டது. அரங்கத்தில் நிற்க இடமில்லை. நாயையும் ஆடும் சகோதரர்களையும் ஏதோ பொறுத்துக்கொண்டார்கள். நான் வந்து நின்றதும், மாடியில் கால் தட்ட ஆரம்பித்தார்கள்.

"வாந்திக்காரனை அனுப்பு!"

"நீ போம்மா, வீட்டுல வேலை இல்லையா?"

"தம்ளர் எங்கே? தம்ளர் எங்கே?"

நான் பாடினேன். கத்திப் பாடினேன். தொண்டை நரம்பு புடைக்கப் பாடினேன். தட் தட் தட் என்று கால் சத்தம். கீழே நல்ல தொப்பி போட்ட கனவான்களும் சேர்ந்து தட்டினார்கள். நான்காவது வரிசை ஓரத்தில் ஸ்பிவாக் சங்கிலிக் கடிகாரத்தை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டாவது பாட்டின் பாதியில் விளக்கை அணைத்துவிட்டார்கள். வயிறு என்ற சொல் வருவதற்கு முன்பாகவே. இருட்டில் நான் திரையைத் தடவித் தடவி உள்ளே போனபோது, விளக்கணைத்ததற்குக் கை தட்டினார்கள். அந்தக் கைதட்டல் இன்னும் என் காதில் இருக்கிறது. இவர்களுக்காகவா பதினாறு வருஷம் ரயில் பெட்டியில் தூங்கினேன் என்று அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது.

டாகர்ட் திரைக்குப் பின்னால் காத்திருந்தார். கையில் என் புகைப்படங்கள், வாசலில் மாட்டியிருந்த மூன்றும். எங்கள் தொழிலில் அதற்கு மேல் யாரும் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. படத்தைத் திருப்பிக் கொடுத்தால் வேலை போச்சு என்று அர்த்தம். அவர் நீட்டினார். நானும் வாங்கிக்கொண்டேன்.

அந்த நேரம் பார்த்து மேடையில் ஒரே குழப்பம். மட்ஜ் கறுப்புக் கோட்டோடு தயாராக நிற்கிறான், ஐடாவைக் காணோம். அவள் பெட்டியும் இல்லை. மேடைக்காரன் ஜெப் தலையைச் சொறிந்துகொண்டு சொன்னான்: "பன்னெண்டு மணி ரயிலுக்கே போயிட்டாங்க சார். 'இனிமே என்னால முடியாது'ன்னு சொல்லச் சொன்னாங்க."

"என்ன முடியாதாம்?"

"வாளி சார்."

மட்ஜ் ஒரு மூலையில் உட்கார்ந்தான். கண் கலங்கியிருந்தது. எனக்கு ஐடாவைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுக்க வேண்டும் போலிருந்தது. வெளியே கால் தட்டும் சத்தம் கூரையைப் பிய்த்தது.

டாகர்ட் என்னைப் பார்த்தார். எனக்கு உடனே புரிந்துவிட்டது.

"மாட்டேன்" என்றேன்.

"ஒரே ஒரு காட்சி, கோரா."

"மாட்டேன் சார். நான் பாட்டுக்காரி. வாந்தி பிடிக்கிறவ இல்லை."

"வாளி பிடிக்க ஆள் இல்லேன்னா அவன் மேடை ஏற மாட்டான். அவன் ஏறலேன்னா அந்தக் கூட்டம் நாற்காலியை உடைக்கும்." அவர் என் கையிலிருந்த படங்களைத் தொட்டார். "பிடிச்சேன்னா இதை மறுபடி மாட்டிடறேன். வாரம் முழுக்க உன் ரெண்டு பாட்டும் உனக்கு. ஸ்பிவாக் இன்னும் போகலை."

அந்தக் கடைசி வார்த்தைதான் என்னை வீழ்த்தியது. ஒரு காட்சிதானே, மூக்கைப் பொத்திக்கொண்டு முடித்துவிட்டால் மறுநாள் ஸ்பிவாக்கைப் பிடித்து இன்னொரு தடவை பார்க்க வைத்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். வாளியை வாங்கினேன். அதன் விளிம்பில் முந்தைய நாளின் மிச்சம் காய்ந்திருந்தது.

மேடையில் மட்ஜ் தண்ணீர் குடித்தான். நான் கூரையைப் பார்த்தேன். அவன் கைக்குட்டைகளை விழுங்கினான். நான் என் அக்காவின் சலவைக் கடையை நினைத்தேன். "சிவப்பு!" என்றார்கள். அந்தச் சத்தம் என் காதுக்கு ஓரடி தூரத்தில் கேட்டது. சிவப்புக் கைக்குட்டை வந்தது. வாளியில் விழுந்து என் விரலில் தெறித்தது, வெதுவெதுவென்று.

என் முகம் என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரியாது. நான் ஒன்றும் செய்யவில்லை, ஆணையாக. உதடு தானாகக் கோணியது, மூக்கு சுருங்கியது, ஒரு கண் மூடிக்கொண்டது, "உவ்வே" என்று அடிவயிற்றிலிருந்து ஒரு ஓங்கரிப்பு வந்தது. அதை அடக்க, பெரிய மனுஷி மாதிரி நிமிர்ந்து நின்று தொண்டையைச் செருமினேன்.

அரங்கம் சிரித்தது. சிரிப்பு என்றால், நான் பதினாறு வருஷத்தில் கேட்டிராத சிரிப்பு. நாற்காலியில் புரண்டு புரண்டு சிரித்தார்கள். மட்ஜ் அடுத்த கைக்குட்டைக்குப் போக முடியாமல் இரண்டு நிமிடம் காத்திருந்தான். ஒவ்வொரு தடவையும் எனக்கு ஓங்கரித்தது, ஒவ்வொரு தடவையும் சிரித்தார்கள். கடைசியில் திரை விழுந்த பிறகு என்னைத் தனியாக ஏழு தடவை கூப்பிட்டார்கள். ஏழு தடவையும் நான் வாளியோடு போய் வணங்கினேன்.

ஸ்பிவாக் மூச்சிரைக்க ஓடி வந்தான். "என்ன முகம்மா அது! எங்கேம்மா ஒளிச்சு வெச்சிருந்தே இத்தனை நாளா? நாப்பது வாரம். ரெண்டு பேருக்கும் சேத்து நாப்பது வாரம். இப்பவே எழுதறேன்."

"என் பாட்டு?"

"பாட்டா? எந்தப் பாட்டு?"

கையெழுத்துப் போட்டேன். வெட்கமில்லாமல் போட்டேன். அன்று சாயங்காலம் அறையில் சோப்புப் போட்டுச் சோப்புப் போட்டுக் கை கழுவினேன். பிறகு அக்காவுக்கு எழுதினேன்: 'பெரிய இடத்தில் நாற்பது வாரம் கிடைத்துவிட்டது. இஸ்திரிப் பெட்டியை வேறு யாருக்காவது கொடு.' என்ன வேலை என்று எழுதவில்லை.

மட்ஜைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவன் கெட்டவன் இல்லை. அதுதான் கொடுமை. மேடைக்கு வெளியே சத்தம் போட்டுப் பேசமாட்டான், பால் மட்டும் குடிப்பான், எனக்குக் கதவு திறந்துவிடுவான். ஐடாவுக்கு வாராவாரம் கடிதம் போடுவான், பதில் வராது. ஒரு நாள் ரயிலில் கேட்டேன்: "ஏன்யா, வேற எதுவுமே தெரியாதா உனக்கு?"

"வயலின் வாசிப்பேங்க. எட்டு வருஷம் படிச்சேன். யாரும் கேக்கலை. ஒரு நாள் மேடையில உடம்பு சரியில்லாம வாந்தி எடுத்துட்டேன். அன்னைக்குத்தான் முதல் தடவையா கை தட்டினாங்க." சிரித்துக்கொண்டே சொன்னான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இண்டியானாபொலிஸ், டெர் ஹோட், பியோரியா, டேவன்போர்ட் என்று போனோம். பத்திரிகைகள் என் முகத்தைப் பற்றி எழுதின. பெண்கள் என்னைப் போல ஓங்கரித்துப் பழகுவதாகச் சொன்னார்கள். எல்லாம் ஏழு வாரம்தான். ஏழாவது வாரம் என்னைப் பற்றி எனக்கே ஒரு விஷயம் தெரிய வந்தது. மேடை ஓரத்தில் வாளியைக் காலடியில் வைத்துக்கொண்டு, ஒரு கையில் பன்றி இறைச்சி வைத்த ரொட்டியைத் தின்றுகொண்டிருந்தேன். வாளி காலி இல்லை. நான் கவனிக்கவே இல்லை. ஜெப் போன்ற இன்னொரு மேடைக்காரன் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டபோதுதான் கவனித்தேன்.

எனக்குப் பழகிவிட்டது. அருவருப்பு போய்விட்டது.

அது போனதும் சிரிப்பும் போனது. நான் முகத்தைக் கோணினேன், மூக்கைச் சுருக்கினேன், பொய்யாக ஓங்கரித்தேன். எல்லாம் பழைய கணக்குப்படி சரியாகத்தான் செய்தேன். ஆனால் சனங்களுக்கு மூக்கு இருக்கிறது. பொய்யை மோப்பம் பிடித்துவிட்டார்கள். அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிரித்தார்கள். செத்த எலியை நினைத்துப் பார்த்தேன். கிள்ளிக்கொண்டேன். மட்ஜின் தம்ளரை முகர்ந்துகூடப் பார்த்தேன். ம்ஹூம். ஸ்பிவாக்கிடமிருந்து தந்தி வந்தது: 'முகம் மங்குகிறது. சூ சிட்டியில் சரியாகாவிட்டால் வேறு பெண் தயார்.'

தந்தியை மட்ஜிடம் காட்டினேன். நாள் முழுக்க வருத்தப்பட்டான். ராத்திரி முழுக்க யோசித்துவிட்டு மறுநாள் காலையில் வந்தான்.

"மிஸ் விப்பிள், நான் இன்னும் கொஞ்சம் மோசமா ஏதாவது செஞ்சா உங்களுக்கு வருமா?"

"என்ன செய்வே?"

"சனங்ககிட்ட இருந்தே ஏதாவது வாங்கி முழுங்கறேன். மோதிரம், பொத்தான், இப்படி. முழுங்கி எடுத்துக் கொடுக்கறேன்."

"எவ கொடுப்பா அதுக்கு மோதிரத்தை?" என்றேன். "அப்படி ஒருத்தி இருப்பாளா?"

இருந்தாள். ஒருத்தி இல்லை, நாற்பது பேர். சூ சிட்டி மதியக் காட்சியில் மட்ஜ் கேட்டு வாய் மூடவில்லை, முன்வரிசைகளில் கைகள் மேலே போயின. "என்னோடது! என்னோடது!" என்று ஒருத்தியை ஒருத்தி முழங்கையால் இடித்துக்கொண்டு விரல்களிலிருந்து மோதிரங்களைப் பிடுங்கினார்கள். நடுவில் ஒரு அம்மாள். கொழுத்த உடம்பு, நரித்தோல் கழுத்துப்பட்டை, மடியில் ஒரு பை ஆரஞ்சுப்பழம். அவளுடைய கல்யாண மோதிரத்தை மட்ஜ் எடுத்துக்கொண்டான்.

அவன் விழுங்கினான். தண்ணீர் குடித்தான். அந்த அம்மாள் ஆரஞ்சை உரித்து ஒவ்வொரு சுளையாக வாயில் போட்டுக்கொண்டே பார்த்தாள். கைக்குட்டைகள் வந்தன. நான் கோணினேன், செருமினேன். யாரும் சிரிக்கவில்லை. பின்வரிசையில் ஒருத்தன் கொட்டாவி விட்டது மேடைவரை கேட்டது. என் காதுக்குள் இஸ்திரிப் பெட்டியின் சூடு ஏறியது. முடிந்தது என்று நினைத்தேன். ஆல்டூனா.

மட்ஜ் கண்ணை மூடினான். மோதிரம் வந்தது. அதை நான் வாளியில் தேடி எடுத்து, ஒரு துணியில் ஒற்றி, மேடை விளிம்பில் குனிந்து அந்த அம்மாளிடம் நீட்டினேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. எலுமிச்சம்பழம் எடுத்துக் கொடுப்பதுபோலத்தான் கொடுத்தேன்.

அவள் வாங்கினாள். விரலில் போட்டாள். விரல் கணு பருத்திருந்ததால் மோதிரம் உள்ளே போகவில்லை. உடனே அவள் என்ன செய்தாள் தெரியுமா? மோதிரத்தோடு விரலை வாய்க்குள் விட்டாள். உதட்டை மூடி நன்றாகச் சப்பினாள். வெளியே எடுத்தாள். வழவழவென்று மோதிரம் கணுவைத் தாண்டி இறங்கியது. அதே விரல்களால் அடுத்த சுளையைப் பிய்த்து வாயில் போட்டு, சாறு முகவாயில் ஒழுக, கண் பளபளக்க என்னைப் பார்த்துச் சிரித்தாள். அவளைச் சுற்றி இருந்தவர்கள் அவள் கையைப் பிடித்து மோதிரத்தைத் தொட்டுப் பார்த்தார்கள். ஒருத்தி முகர்ந்து பார்த்தாள்.

காலையில் சாப்பிட்டது, நேற்று சாப்பிட்டது, பதினாறு வருஷமாகச் சாப்பிட்டது எல்லாம் மேலே வந்து தொண்டையில் நின்றது. நான் வாளியைப் பார்க்கவில்லை. மட்ஜைப் பார்க்கவில்லை. அவன் பாவம், வேலை செய்கிறவன். நான் அவர்களைப் பார்த்தேன். பாட்டுப் பாடினால் காலைத் தட்டிவிட்டு, வயலின் வாசித்தால் எழுந்து போய்விட்டு, ஒருத்தன் குடலைக் கக்கினால் வரிசையில் நின்று மோதிரம் கொடுக்கிற அறுநூறு வாய்களை. என் உதடு கோணியது. மூக்கு சுருங்கியது. ஒரு கண் மூடிக்கொண்டது.

கூரை இடிந்து விழுவதுபோல் சிரித்தார்கள். நான் அவர்களை எவ்வளவு வெறுத்துப் பார்த்தேனோ அவ்வளவுக்குச் சிரித்தார்கள். ஒவ்வொரு வரிசையாகப் பார்த்தேன், ஒவ்வொரு வரிசையாக விழுந்து விழுந்து சிரித்தார்கள். பதினொரு தடவை திரையைத் தூக்கினார்கள். மறுநாள் ஸ்பிவாக்கிடமிருந்து தந்தி: 'முகம் திரும்பிவிட்டது. அடுத்த வருஷமும் எழுதுகிறேன்.'

அன்று சாயங்காலம் பின்வாசலில் அந்த அம்மாள் காத்திருந்தாள். கூட இரண்டு தோழிகள்.

"அம்மா, நீங்கதானே அந்த வாளி அம்மா? உங்களைப் பாக்காம வீட்டுக்குப் போக மனசு வரலை." விரலை நீட்டினாள். "பாருங்க, இன்னும் கழுவலை. எங்க வீட்டுக்காரர்கிட்ட காட்டணும்."

அவள் இன்னும் நெருங்கி வந்தாள். ஆரஞ்சு வாசனை அடித்தது.

"அந்த முகம் எப்படிங்க வருது உங்களுக்கு? கடைசியில என்னையே பாத்துப் பண்ணின மாதிரி இருந்துது. இவங்ககிட்ட சொன்னா நம்ப மாட்டேங்கறாங்க."

"உங்களைப் பாத்துத்தான் பண்ணினேன்" என்றேன்.

"சொன்னேன் பாத்தீங்களாடி!" என்று தோழிகள் பக்கம் திரும்பினாள். பெருமையில் முகம் சிவந்துவிட்டது. என் இரண்டு கையையும் அந்தக் கையால் பிடித்து அழுத்தினாள். "நாளைக்கும் வர்றேங்க. சனிக்கிழமை வரைக்கும் தினம் வர்றேன்."

கையை இழுத்துக்கொள்ள வேண்டும் என்றுதான் உடம்பு துடித்தது. எனக்கு இன்னும் முப்பத்து மூன்று வாரம் இருந்தது. இழுக்கவில்லை.

"வாங்கம்மா, கட்டாயம் வாங்க" என்றேன். "முன்வரிசையிலேயே உக்காருங்க. இவங்களையும் கூட்டிட்டு வாங்க."